கணப்போர நாற்காலி

சமையலறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, கையில் கிரேவிக் கரண்டியோடு வெளியே வந்த மெய்ரிக், கணப்புப் பக்கம் பார்த்து அப்படியே நின்றான். கரண்டியைக் கீழே போடவில்லை. அன்று அவன் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஹெவினின் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

மஞ்சள் மழைக்கோட்டு, சேறு அப்பிய பூட்ஸ், ஒல்லியான உடம்பு. ஊரில் முன்பின் பார்த்திராத முகம்.

"ஐர்லிஸ், அது யாரு?"

கவுன்டருக்குப் பின்னால் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஐர்லிஸ் நிமிரவே இல்லை. "மனுஷன்."

"அது தெரியுது. எங்க உக்காந்திருக்கான் பாத்தியா?"

"நாற்காலில."

"யாரு நாற்காலில?"

"அதுல பேரா எழுதி ஒட்டியிருக்கு?"

எழுதி ஒட்டவில்லைதான். கும்காரெக் கிராமத்தில் எதையும் எழுதி ஒட்டுவதில்லை. நூற்றியெண்பது பேருக்கும் எல்லாம் தெரியும். தெரியாதவன் வரப்போவதில்லை என்பதுதான் எங்கள் ஊரின் நிர்வாக முறை. மெய்ரிக் நடத்துகிற 'மூன்று லாடம்' என்ற பப்பில், கணப்புக்கு வலப்பக்கம் இருக்கிற கைவைத்த நாற்காலி பாடகர் குழுத் தலைவர் ஹெவினுடையது. ஞாயிற்றுக்கிழமை சாப்பலில் ஆராதனை முடிந்ததும், சரியாகப் பன்னிரண்டரைக்கு அவர் வந்து அதில் உட்காருவார். குழுவின் இருபத்திரண்டு ஆண்களும் அவர் எங்கே சாப்பிடுகிறாரோ அங்கே சாப்பிடுவார்கள். அவர் கையசைத்தால்தான் மூச்சே விடுவார்கள். அப்படிப் பழக்கியிருந்தார்.

இப்போது மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம்.

"முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு," என்றான் மெய்ரிக்.

"எதுக்கு?"

"உலகம் அழியறதுக்கு."

அவன் மிகைப்படுத்தவில்லை. எங்கள் ஊரில் எல்லாமே இரண்டு. சாப்பல் இரண்டு: ஒன்று போவதற்கு, இன்னொன்று வாழ்நாளில் காலடி வைக்காமல் இருப்பதற்கு. பப்பும் அப்படித்தான். 'மூன்று லாட'த்துக்கு நேரெதிரே, முப்பதடி தூரத்தில், 'வெள்ளாடு'. ஒரு இடத்தை விட்டு இன்னொரு இடத்துக்குச் சும்மா மாறிவிட முடியாது. அதற்கு முறையான ஓர் அவமானம் நடந்திருக்க வேண்டும். ஹெவினின் தாத்தா தொப்பி மாட்டும் ஆணியில் வேறு எவனோ தொப்பி மாட்டிவிட்டான் என்பதற்காக, அவர் தன் வம்சத்தில் முப்பத்தாறு பேரைத் திரட்டிக்கொண்டு சாப்பல் மாறினார். ஆணிக்கே அப்படி என்றால், நாற்காலிக்கு?

கவுன்டர் ஓரத்தில் ஒரு பாக்கெட் சிப்ஸை மதிய உணவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தபால்கார டெகைன், குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "நேரா போயி 'எந்திரி'ன்னு சொல்லிடு மாப்ளே."

"எப்படிண்ணே சொல்றது? மரியாதையா இருக்குமா?"

"இருக்காது," என்று டெகைன் ஒப்புக்கொண்டார். அத்தோடு அந்த யோசனை செத்துப்போனது.

மெய்ரிக் கரண்டியைத் துடைத்து மேலங்கிப் பையில் செருகிக்கொண்டு, முகத்தில் விருந்தோம்பலை வரவழைத்துக்கொண்டு கணப்பருகே போனான்.

"வாங்க வாங்க. ஜன்னலோரம் ஒரு மேசை இருக்கு. மலை, ஆறு, பாலம் எல்லாம் தெரியும். ரொம்ப அழகு."

"இல்லீங்க. இங்கயே சௌகரியமா இருக்குதுங்க."

வடக்கத்திக்காரர். பேச்சிலேயே தெரிந்துவிட்டது. வடக்கத்திக்காரர்கள் பேசுவதும் எங்கள் மொழியேதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்களும் மறுத்துப் பேசவில்லை.

"இங்க கொஞ்சம் சூடு அதிகமா இருக்குமே?"

"மழையில நனைஞ்சு வந்தவனுக்குச் சூடு நல்லதுதானுங்க."

மெய்ரிக்குக்கு ஒரு யோசனை உதித்தது. அவனுக்கு யோசனை உதிக்கும்போதெல்லாம் ஐர்லிஸ் கண்ணை மூடிக்கொள்வாள். இப்போதும் மூடிக்கொண்டாள்.

பின்கட்டிலிருந்து காய்ந்த ஓக் விறகு நான்கு கட்டைகளைத் தூக்கிவந்து கணப்பில் போட்டான். தீ குபீரென்று எழுந்தது. மாட்டியிருந்த குதிரை லாடங்கள் சூடேறி மினுங்கின. டெகைன் தன் ஸ்டூலைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். சுவரோரம் படுத்திருந்த நாய் எழுந்து வெளியே மழைக்குப் போய்விட்டது.

அந்த ஆள் எழுந்திருக்கவில்லை. மழைக்கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டார். பூட்ஸைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றி, கணப்பின் பித்தளைத் தடுப்பில் இரண்டையும் அழகாகக் காயப்போட்டார்.

"முன்னாடி உக்காந்திருந்தான்," என்றார் டெகைன். "இப்ப குடியிருக்கான்."

மணி பன்னிரண்டு ஐந்து.

"காரு!" என்று கிசுகிசுத்தான் மெய்ரிக். "டெகைண்ணே, அவன் காரு வழிய மறிச்சிக்கிட்டு நிக்குதுன்னு சொல்லுங்க. எந்திரிச்சுப் போவான்ல."

டெகைன் வேலையில் இருக்கும்போது பொய் சொல்ல மாட்டார், ஞாயிறு விடுமுறை. போய்ச் சொன்னார்: "சார், வெளியில உங்க காரு ஒரு டிராக்டர மறிக்குதாம்."

"எனக்குக் காரு இல்லீங்களே. பஸ்ஸுலதான் வந்தேன்."

"அப்படியா? பஸ்ஸு கிளம்புதே சார்! ஓடுங்க, விட்டா நாளைக்குத்தான்!"

"ஞாயித்துக்கிழமை இந்த ஊருக்குப் பஸ்ஸே இல்லீங்களே. நான் நேத்தே வந்துட்டேனுங்க. தெரிஞ்சவங்க வீட்டுல தங்கல்."

எந்தக் கடிதம் எந்த வீட்டுக்கு வருகிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுவரை தெரிந்த டெகைனுக்கு இது பெரிய அதிர்ச்சி. "யாரு வீட்டுல?"

அந்த ஆள் திடீரென்று கணப்பைப் பார்த்து, "நல்ல விறகுங்க," என்றார்.

டெகைன் திரும்பி வந்து, "ஆளு அழுத்தக்காரன். என்னால ஆகாது," என்று அடுத்த சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார்.

"அண்ணே, அதையே தின்னுக்கிட்டு இருக்கீங்களே. ஒரு தட்டு கறி சாப்பிடுங்களேன்."

"டாக்டர் வேணாம்னுட்டாரு மாப்ளே."

டாக்டர் சொன்னதால் ஞாயிறு மதியம் ஆட்டுக்கறி சாப்பிடாதவர்கள் எங்கள் ஊரில் பதினேழு பேர். அதில் டாக்டரும் ஒருவர். மெய்ரிக்குக்கு அவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கும். அவன் கிரேவியின் ருசி தெரியாமலே போய்ச் சேரப்போகிறவர்கள்! கடற்பாசிப் பொடி, லாவெண்டர் பூ, கொஞ்சம் காப்பித்தூள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சேர்மானம். அவனே கண்டுபிடித்தது.

ஹெவின் மட்டும் ஆறு வருடமாக, ஒரு ஞாயிறு தவறாமல், முழுத்தட்டும் சாப்பிடுவார். முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, "சுமார்," என்பார். எங்கள் பள்ளத்தாக்கில் அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. மலைமேல் சூரியன் உதித்தால் சுமார். மகளுக்குக் கல்யாணம் ஆகி, ஆடு இரட்டைக் குட்டி போட்டு, நாட்டு அணி ரக்பியில் ஜெயித்தாலும் சுமார்தான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மெய்ரிக் சனிக்கிழமை மாலையிலிருந்தே லாவெண்டரை ஊறவைப்பான்.

மணி பன்னிரண்டு பத்து.

"சோறு போட்டா போயிடுவான்," என்றான்.

"யாரு?" என்றாள் ஐர்லிஸ்.

"இவன்தான். பசியோட இருக்கான். வயிறு நெறைஞ்சா எவனும் உக்கார மாட்டான்."

"வயிறு நெறைஞ்சா தூங்குவாங்கப்பா."

அவன் அதற்குள் சமையலறைக்குப் போய்விட்டான். அங்கேதான் சிக்கல். பெரிய தொடை இன்னும் வேகவில்லை. ஹெவினுக்கென்று தனியாக எடுத்துவைத்த எலும்போரத் துண்டு மட்டும்தான் தயாராக இருந்தது. மெய்ரிக் ஒரு கணம் தயங்கினான். நாற்காலியா, துண்டா? நாற்காலிதான் முக்கியம் என்று துண்டைத் தட்டில் வைத்தான். வறுத்த உருளைக்கிழங்கு, வெண்ணெய்ச் சாற்றில் வெங்காயத்தண்டு மாதிரியான லீக்ஸ், மசித்த கிழங்கு, எல்லாவற்றின் மேலும் கிரேவி. தாராளமாக ஊற்றினான்.

அந்த ஆள் முதல் வாய் வைத்தார்.

மென்றார். நிறுத்தினார். தட்டைப் பார்த்தார். மெய்ரிக்கைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது. விழுங்கினார்.

"பாத்தியா?" மெய்ரிக் கவுன்டருக்கு ஓடிவந்து ஐர்லிஸின் கையைப் பிடித்தான். "அழுதுட்டான்!"

"ஆமா," என்றாள் ஐர்லிஸ். "பாத்தேன்."

ஆனால் ஆள் வேகமாகச் சாப்பிடுவதாக இல்லை. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டார். தண்ணீர் குடித்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிரார்த்தனை மாதிரி இருந்தது. ஒரு உருளைக்கிழங்கை நாயைத் தேடி மேசைக்கடியில் நீட்டினார். நாய் இன்னும் மழையில்தான் நின்றுகொண்டிருந்தது.

"ருசிச்சு ருசிச்சு சாப்பிடறான்," என்று பல்லைக் கடித்தான் மெய்ரிக். "இந்த வேகத்துல போனா சாயங்காலம் ஆயிடும்."

மணி பன்னிரண்டு இருபது. தெருமுனைச் சாப்பலிலிருந்து கடைசிப் பாட்டு கேட்க ஆரம்பித்தது. ஆறு சரணம். ஹெவின் உற்சாகமாக இருந்தால் கடைசிச் சரணத்தை மூன்று தடவை பாடவைப்பார். இன்று ஒரே தடவையில் முடித்துவிட்டார்கள். என்ன அவசரமோ.

"பாயசத்தக் குடுத்துட்டா கணக்கு தீந்துடும்," என்றான் மெய்ரிக். "பாயசத்துக்கு அப்புறம் உக்காந்திருக்கறவன் நாகரிகமில்லாதவன்."

"வேணாம்ப்பா," என்றாள் ஐர்லிஸ், இந்தத் தடவை உண்மையான கவலையோடு. "பாவம், அந்த ஆளுக்கும் குடும்பம் இருக்கும்."

"என்ன சொல்ற?"

"ஒண்ணும் சொல்லல. மேல் ஏடு ஹெவின் அண்ணனுக்குன்னு சொல்ல வந்தேன்."

அது நியாயமான எச்சரிக்கை. அடுப்பில் வைத்துச் சுடுகிற பால் பாயசத்தின் மேலே பழுப்பாகப் படிகிற ஏடு இருக்கிறதே, அதற்காக எங்கள் ஊரில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றிருக்கிறது. 'மூன்று லாட'த்தில் ஏடு முழுவதும் ஹெவினுக்கு. ஆனால் ஏட்டைக் கிழிக்காமல் பாயசத்தை எடுக்க எந்த மனிதனாலும் முடியாது. மெய்ரிக் ஓரமாகக் கரண்டியை நுழைத்துப் பார்த்தான். ஏடு முழுசாகக் கழன்று கரண்டியோடு வந்துவிட்டது. திரும்பி ஒட்டவைக்கப் பார்த்தான். சுருண்டுகொண்டது. கையில் கிண்ணம், மணி பன்னிரண்டு இருபத்தேழு. வேறு வழியில்லாமல் அந்த ஆளின் கிண்ணத்திலேயே போட்டான்.

"இந்தாங்க. சீக்கிரம் சாப்பிடுங்க. ஆறிடும்."

"இன்னமுமுங்களா?" என்றார் அந்த ஆள்.

"இது மட்டுந்தான்."

"அய்யா... மணி என்னங்க ஆச்சு?"

"உங்களுக்கு நேரமாச்சுன்னா கிளம்பலாம்!" என்றான் மெய்ரிக், நெஞ்சு நிறைய நம்பிக்கையோடு.

அந்த ஆள் வாசல் கதவைப் பார்த்தார். நாற்காலியின் கைகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். ஸ்பூனை எடுத்தார்.

ஏடு பாதி வாயிலும் பாதி ஸ்பூனிலுமாக இருந்த நேரத்தில் கதவு திறந்தது.

ஹெவின் நின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கக்கத்தில் பாட்டுப் புத்தகம். பின்னால் மழையில் இருபத்திரண்டு தொப்பிகள்.

முதலில் அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு எலும்பை. பிறகு ஏட்டை. கடைசியாகப் பித்தளைத் தடுப்பில் ஆவி பறந்துகொண்டிருந்த சாக்ஸை.

"மெய்ரிக்," என்றார்.

நாற்பது வருடம் 'பேஸ்' என்ற அடிக்குரல்களைக் கட்டியாண்ட தொண்டை அது. அலமாரியில் கிளாஸ்கள் சிணுங்கின.

"அண்ணே, ஒரு நிமிஷம்! ஜன்னலோரம் உக்காருங்க அண்ணே, மலை, ஆறு, பாலம்..."

"எழுபத்திநாலு வருஷமா அந்த மலையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். இது என் நாற்காலி."

"ஆமாண்ணே."

"இது என் எலும்பு."

"ஆமாண்ணே."

"ஏடு?"

மெய்ரிக் சுருண்ட ஏட்டைப் பார்த்தான். தலை குனிந்துகொண்டான். பாடகர் குழுவிடமிருந்து ஒரே சுருதியில் ஒரு முனகல் எழுந்தது.

அப்போதுதான் அவன் எங்கள் ஊர் சரித்திரத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தான். அந்த ஆளின் முன்னால் போய் நின்று, நேருக்கு நேராக, "எந்திரிங்க!" என்றான்.

"முடியாதுங்க," என்றார் அந்த ஆள்.

"எந்திரிய்யா!"

"மன்னிச்சுக்குங்க. முடியாதுங்க." இரண்டு கையாலும் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மெய்ரிக் அவருடைய தோளைப் பிடித்து இழுத்தான். அவர் அசையவில்லை. நாற்காலியின் ஒரு கையைப் பிடித்து இழுத்தான். அது அசைந்தது. அசைந்து, க்ரக்கென்று கழன்று, அவன் கையோடு வந்துவிட்டது.



ஹெவின் கழற்றப்போன தொப்பியை மறுபடியும் அழுத்தி மாட்டிக்கொண்டார். "நான் அவமானப்பட்டுட்டேன்," என்று அறிவித்தார், சாட்சிகள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "உக்கார எடமில்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை? இனி இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

"அண்ணே, ஆணி அடிச்சுடறேன் அண்ணே! பசை வச்சு ஒட்டிடறேன்!"

"வாங்கடா போலாம்," என்றார் ஹெவின்.

மெய்ரிக் ஜன்னலுக்கு ஓடினான். முதலில் ஹெவின், பின்னால் மேல்குரல் டெனர்கள், அதற்குப் பின்னால் அடிக்குரல் பேஸ்கள். சாலையைக் கடந்து 'வெள்ளாடு' பக்கம் போனார்கள். அவமானப்பட்டவர்கள் இத்தனை வேகமாக நடந்து அவன் பார்த்ததே இல்லை. குழுவிலேயே மூத்தவர், எண்பது வயது கிரஃபித்கூட ஓடினார். டெகைனும் ஸ்டூலிலிருந்து இறங்கி, "நான் போயி சமாதானம் பேசிப் பாக்கறேன் மாப்ளே," என்று சிப்ஸைக் கவுன்டரில் விட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே போனார். திரும்பி வரவில்லை.

மெய்ரிக் நாற்காலியின் கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஆளுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தான். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"உங்கமேல தப்பில்லைங்க," என்றான் மெதுவாக. "உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்கப்பா போனாரு. அவருதான் இங்க சமையல். எடுத்துட்டுப் போன அன்னிக்குக் குழுவுல பாதிப் பேருக்குக் காய்ச்சல். ஹெவின் அண்ணன் ஒத்தை ஆளா நின்னு பாடினாரு. அப்புறம் இங்க வந்து, இந்த நாற்காலில உக்காந்தாரு. வீட்டுல ஒண்ணுமில்ல. நான் அதுவரைக்கும் முட்டைகூட அவிச்சதில்ல. ஒரு துண்டு ஆட்டைக் கரிச்சுக் கொண்டாந்து வச்சேன். முழுசும் சாப்பிட்டாரு. என் முகத்தப் பாத்தாரு. 'சுமார்'னாரு. அன்னிக்கு முடிவு பண்ணேங்க, கடைய மூடக்கூடாது, நானே சமைக்கறதுன்னு. அந்த ஒரு வார்த்தைதான். இப்ப அந்த மனுஷனையே வெரட்டிட்டேன்."

ஐர்லிஸ் கவுன்டருக்குப் பின்னாலிருந்து வந்து, அவன் தோளில் கைவைத்து நின்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

அந்த ஆள் ஸ்பூனைக் கீழே வைத்தார். சாக்ஸை எடுத்து ஒரு காலில் மாட்டினார், அடுத்த காலை மறந்துவிட்டார். ஐர்லிஸை ஒரு பார்வை பார்த்தார். அவள் சின்னதாகத் தலையசைத்தாள்.

"கலங்காதீங்க," என்றார் அவர். "உங்க சாப்பாட்டப் பத்தி உண்மையச் சொன்னா நீங்க மனசொடஞ்சு போயிருவீங்க, சொல்லாம 'வெள்ளாடு'க்கு மாறிப் போறதுக்கு ஒரு சண்டை வேணும்னு ஆறு வருஷமாத் தவிச்சு, 'நீ போய் என் நாற்காலியில உக்காரு, என்ன குடுத்தாலும் முழுங்கு, இழுத்துப் போட்டாலும் எந்திரிக்காத'ன்னு என்னைய வடக்கேயிருந்து வரவெச்சதே ஹெவின் அண்ணன்தானுங்க."